போத்தலுக்குள் ஒரு நாள்

"யூரிக் அசிட் கூடிட்டாம்."

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் நாற்பதைத் தாண்டியவர்கள் கூடும் இடமெல்லாம் இந்தப் பேச்சு அடிபடுகிறது. அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும்போது ஒருவர் சொல்கிறார். கட்டாரிலிருந்து அழைக்கும் மகனிடம் வாப்பா சொல்கிறார். கேட்டவர் யாராக இருந்தாலும் உடனே ஒரு வைத்தியமும் சொல்லிவிடுவார்: "பருப்ப நிப்பாட்டுங்க, மாட்டிறைச்சிப் பக்கமே போகாதீங்க." எங்கே கூடியது என்று கேட்பவர்தான் குறைவு. இரத்தத்திலா, சிறுநீரிலா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் சொல்லும் வைத்தியம் பல நேரம் பிழைத்துப்போகும். யூரிக் அமிலம் என்ற பெயர் ஆய்வுகூடத்திலிருந்து மூன்று வேறு ரிப்போட்டுகளில் வீட்டுக்கு வருகிறது. ஒன்று, இரத்தத்தில் பார்ப்பது. இன்னொன்று, யூ.எஃப்.ஆர். என்று எல்லோரும் அறிந்த சாதாரணச் சிறுநீர் ரிப்போட். அதன் கடைசி வரிகளில், நுணுக்குக்காட்டியில் கண்ட பளிங்குகளைக் குறிக்கும் இடத்தில், யூரிக் அசிட் கிறிஸ்டல் என்று எழுதியிருக்கலாம். மூன்றாவதுதான் அதிகம் பேர் அறியாதது: 24 மணி நேரத்தில் போகும் சிறுநீர் முழுவதையும் ஒரு பெரிய போத்தலில் சேர்த்து, அதில் எத்தனை மில்லிகிராம் யூரிக் அமிலம் வெளியேறியது என்று அளப்பது. மூன்றும் மூன்று கேள்விகளுக்கான பதில்கள். ஒன்றின் பதிலை மற்றொன்றுக்குப் பொருத்தினால் தேவையற்ற பயமோ தேவையற்ற நிம்மதியோதான் மிஞ்சும்.

யூ.எஃப்.ஆரில் பளிங்கு என்று கண்டவுடன் கலங்குபவர்கள் நிறைய. காலையில் எடுத்த சிறுநீர் இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காத உடம்பிலிருந்து வருவது, ஆகவே தடித்தது. அது ஆய்வுகூட மேசையில் குளிர்ந்து காத்திருந்தால், உடம்புக்குள் கரைந்திருந்த அமிலம் குப்பிக்குள் பளிங்காக மாறிவிடும். நோவும் இல்லை, இரத்தமும் போகவில்லை, முன்பு கல் வந்ததும் இல்லை என்றால் அந்த ஒற்றை வரியை வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது. பிறந்து இரண்டு மூன்று நாளான பிள்ளையின் துணியில் செங்கல் நிறக் கறை கண்டு உம்மம்மாக்கள் பதறுவதும் இதே பொருளால்தான். பெரும்பாலும் அது இரத்தமல்ல, யூரிக் அமிலத்தின் உப்பு. பிள்ளைக்குப் பால் போதவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும் என்பதால் தாய்ப்பால் ஊட்டுவதைக் கவனிக்க வேண்டும். கறை நாள்கணக்கில் தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இந்த அமிலம் எங்கிருந்து வருகிறது? நமது உயிரணுக்களின் கருவில் உள்ள பியூரின் என்ற பொருள் உடையும்போது கடைசியில் மிஞ்சுவது இது. உணவிலிருந்து வருவது ஒரு பங்குதான். பெரும்பங்கு உடம்பே தன் பழைய உயிரணுக்களைக் கலைக்கும்போது உண்டாகிறது. மாடு, ஆடு போன்ற பெரும்பாலான பாலூட்டிகளிடம் இதை மேலும் உடைத்து எளிதில் கரையும் பொருளாக்கும் யூரிக்கேஸ் என்ற நொதி உண்டு. மனிதனும் பெருங்குரங்குகளும் பல இலட்சம் தலைமுறைகளுக்கு முன்பே அந்த நொதியை இழந்துவிட்டன. அதனால் நமது இரத்தத்தில் யூரிக் அமிலம் அது கரைந்திருக்கக்கூடிய எல்லைக்கு அருகிலேயே எப்போதும் நிற்கிறது. ஒரு டெசிலீற்றருக்கு 6.8 மில்லிகிராம் என்பது அந்த எல்லை. அதைக் கடந்தால் மூட்டுகளில் ஊசி ஊசியாகப் பளிங்கு படியத் தொடங்கலாம். கால் பெருவிரல் நள்ளிரவில் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே அலறவைக்கும் கவுட் நோய் அப்படித்தான் பிறக்கிறது.

சுவீடனின் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1776இல் இதைக் கண்டெடுத்தது சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து. அதாவது இந்த அமிலத்தை உலகம் முதலில் அறிந்தது சிறுநீரின் வழியாக. கவுட் நோயாளியின் இரத்தத்திலும் அது மிகையாக இருப்பதை இலண்டன் வைத்தியர் ஆல்பிரட் பேரிங் கரட் 1848இல் காட்டினார். சிறுநீரகம் வெளியேற்றத் தவறுவதாலா, உடம்பு அதிகம் உற்பத்தி செய்வதாலா என்ற கேள்வியையும் அவரே எழுப்பினார். 24 மணி நேரப் போத்தல் பதில் தேடுவது அந்தக் கேள்விக்குத்தான்.

ரிப்போட்டில் உள்ள எண்களுக்கு வருவோம். வழமையான உணவு உண்ணும் ஒருவரின் 24 மணி நேரச் சிறுநீரில் 250 முதல் 750 மில்லிகிராம் வரை யூரிக் அமிலம் இருப்பது சாதாரணம் என்று பெரும்பாலான ஆய்வுகூடங்கள் அச்சிடுகின்றன. சில இடங்களில் மில்லிமோல் கணக்கில் வரும். 1 மில்லிமோல் என்பது 168 மில்லிகிராம், ஆகவே அதே எல்லை சுமார் 1.5 முதல் 4.5 வரை என்றிருக்கும். 4.2 என்ற எண்ணை இரத்த ரிப்போட்டின் 4.2 என்று எண்ணி மகிழ்வதும், இரத்தத்தில் மைக்ரோமோல் கணக்கில் வந்த 400ஐச் சிறுநீரின் மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்வதும் நடக்கக்கூடிய குழப்பங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகை வாசிக்காமல் எண்ணை வாசிக்கக் கூடாது. 800 மில்லிகிராமைத் தாண்டினால், உற்பத்தி அதிகமா, இறைச்சி அதிகமா, வேறு நோயா என்று வைத்தியர் தேடத் தொடங்குவார்.

சாதாரணம் என்ற சொல்தான் இங்கே ஏமாற்றக்கூடியது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 68 கிலோ எடையுள்ள, 45 வயது ஆண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலீற்றருக்கு 8.4 மில்லிகிராம், தசையிலிருந்து வரும் கழிவான கிரியேற்றினின் 1.0. ஒரு நாள் சிறுநீர் ஒன்றேகால் லீற்றர். அதில் யூரிக் அமிலம் டெசிலீற்றருக்கு 40 மில்லிகிராம், கிரியேற்றினின் 120. மொத்தம் பெருக்கினால் நாளுக்கு 500 மில்லிகிராம் யூரிக் அமிலம் வெளியேறியிருக்கிறது. அச்சிட்ட எல்லைக்குள் நடுவில் நிற்கும் எண். ரிப்போட்டில் சிவப்புக் குறி எதுவும் இருக்காது. "சிறுநீர் ரிப்போட் நல்லாத்தான் இருக்கு" என்று வீட்டில் சொல்வார்கள்.

நல்லதல்ல. இரத்தத்தில் இவ்வளவு தேங்கியிருக்கும்போது ஒழுங்கான சிறுநீரகம் இதைவிடக் கூடுதலாகவே வெளியே தள்ளியிருக்க வேண்டும். வைத்தியர்கள் இதை அளக்க ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள். சிறுநீரின் யூரிக் அமிலத்தை இரத்தத்தின் கிரியேற்றினினால் பெருக்கி, அதை இரத்தத்தின் யூரிக் அமிலத்தையும் சிறுநீரின் கிரியேற்றினினையும் பெருக்கிய தொகையால் வகுத்து, நூறால் பெருக்குவது. நமது கணக்கில் 40ஐ 1008ஆல் வகுக்க, கிடைப்பது 4 சதவீதம். சுகதேகிகளிடம் இது பெரும்பாலும் 7 முதல் 10 வரை இருக்கும். ஆக, இவருடைய சிறுநீரகம் வடிகட்டிய அமிலத்தில் நூற்றுக்கு 96 பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. கவுட் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த வகைதான்: அதிகம் உற்பத்தி செய்பவர்கள் அல்ல, வெளியேற்றத் தவறுபவர்கள். இப்படிப்பட்டவரிடம் பருப்பை மட்டும் பறிப்பதால் ஆகப்போவது சொற்பம்.

சிறுநீரகம் ஏன் திரும்ப உறிஞ்சுகிறது? அதன் நுண்குழாய்களில் யூரிக் அமிலத்தை இரத்தத்துக்கே மீட்டு அனுப்பும் புரதம் ஒன்று இருக்கிறது. 2002இல் யப்பானிய ஆய்வாளர்கள் அதற்கான மரபணுவை அடையாளம் கண்டு யூராட்1 என்று பெயரிட்டார்கள். அந்தப் புரதம் சிலரிடம் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. வாப்பாவுக்கும் காக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நோய் வருவதன் ஒரு காரணம் அங்கே இருக்கிறது. இன்னொரு திருப்பமும் உண்டு. யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாகவும் மீதி குடல் வழியாகவும் போகிறது. குடல் தன் பங்கைச் செய்யத் தவறும்போது சுமை முழுவதும் சிறுநீர் மேல் விழுந்து, ரிப்போட்டில் எண் கூடித் தெரியும். அதிக உற்பத்தியாளர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் உண்மையில் குடல் கோளாறுக்காரர்கள் என்று யப்பானிலிருந்து 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இதுவரை சொன்னது மூட்டைப் பற்றியது. சிறுநீரகக் கல் என்றால் கதை வேறு, அதில் மில்லிகிராம் எண்ணுக்கு இரண்டாம் இடம்தான்.

தேநீரில் சீனி கரையாமல் அடியில் நிற்பது சீனி கூடியதால் மட்டுமல்ல; தேநீர் குறைந்தாலும் ஆறினாலும் நிற்கும். யூரிக் அமிலம் சிறுநீரில் கரைவதும் அப்படி இரண்டு விசயங்களைப் பொறுத்தது: சிறுநீரின் அளவு, அதன் அமிலத்தன்மை. அமிலத்தன்மையைப் பி.எச். என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் இறங்க இறங்க அமிலம் கூடும். பி.எச். 5 உள்ள சிறுநீரில் டெசிலீற்றருக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கரையும். பி.எச். 6.5 ஆனால் அதே சிறுநீர் அதைப்போல ஒன்பது மடங்கைத் தாங்கும். ஒருவர் நாளுக்கு 620 மில்லிகிராம் வெளியேற்றுகிறார், சிறுநீர் 900 மில்லிலீற்றர்தான் என்றால் டெசிலீற்றருக்கு 69 வருகிறது. தண்ணீர் குடித்து அதை 2.4 லீற்றராக்கினால் 26. பெரிய முன்னேற்றம், ஆனாலும் பி.எச். 5இல் நின்றால் 26கூட அதிகம்தான். பி.எச். 6.5 ஆகிவிட்டால் அந்த 69கூடக் கரைந்துபோகும். யூரிக் அமிலக் கல் உள்ளவர்களில் அநேகருடைய 24 மணி நேர யூரிக் அமில எண் சாதாரணமாகவே இருப்பதற்கும், அவர்களுடைய சிறுநீர் மட்டும் எந்நேரமும் அமிலமாக இருப்பதற்கும் காரணம் இதுதான். ஆகவே கல் வந்த ஒருவரின் 24 மணி நேர ரிப்போட்டில் மொத்த அளவும் பி.எச்.சும் எழுதப்படவில்லை என்றால் அது பாதி ரிப்போட். ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்த நோயாளிக்கு முழு ரிப்போட் கிடைப்பது நியாயம்.

நீரிழிவு இங்கே உள்ளே நுழைகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் சிறுநீரகம் அமோனியாவைப் போதிய அளவு உண்டாக்குவதில்லை. அமிலத்தைத் தணிக்க ஆளில்லாமல் சிறுநீரின் பி.எச். இறங்கிவிடுகிறது. டெக்சாஸின் டாலஸ் நகர ஆய்வாளர்கள் 2002 முதல் இந்தத் தொடர்பை விரித்துக் காட்டினார்கள். வயிறு முன்தள்ளி, சீனி வருத்தமும் உள்ளவருக்கு வரும் கல் யூரிக் அமிலக் கல்லாக இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அந்தக் கல்லுக்கு இன்னொரு குணம்: சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. நாரியிலிருந்து விதை வரை இழுத்துப் பிடிக்கும் நோவோடு போய், எக்ஸ்ரே எடுத்து, "கல் ஒண்டும் இல்ல" என்று கேட்டு வீடு திரும்பியவர் ஸ்கேனுக்குப் போகாமல் விடக் கூடாது. ஸ்கேனிலும் சி.டி.யிலும் அது அகப்படும். நல்ல செய்தியும் இருக்கிறது: கல் வகைகளில் மருந்தால் கரைக்கக்கூடியது பெரும்பாலும் இது ஒன்றுதான். பொற்றாசியம் சித்திரேற்று கொடுத்து பி.எச்.சை 6.5 அளவில் சில மாதங்கள் பிடித்துவைத்தால் கத்தியின்றியே பல கற்கள் கரைகின்றன. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொற்றாசியம் இதயத்தைத் தாக்கும் என்பதால் அந்த மருந்தைப் பாமசியில் கேட்டு வாங்கிச் சுயமாகக் குடிப்பது ஆபத்து.

அம்பாறைக் கரையில் வாழ்பவர்களுக்கு இதில் தனிப் பங்கு இருக்கிறது. நடுவாண்டு மாதங்களில் மேற்கு மலைகளைத் தாண்டி, ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, வெறும் சூடாக வந்து இறங்குகிறது கச்சான் காற்று. சிறுபோக வயல் வேலையும் அதே மாதங்களில்தான். வியர்வை காற்றிலேயே காய்ந்துபோவதால் எவ்வளவு தண்ணீரை இழந்தோம் என்பது வேலை செய்பவருக்கே தெரியாது. மஞ்சள் கறுத்துத் தேநீர் நிறமாகச் சிறுநீர் போகும்போதுதான் தெரியும். அந்த நாளின் சிறுநீர் குறைவானது, அமிலமானது, யூரிக் அமிலம் தடித்தது. கல்லுக்குத் தேவையான மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது. வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போன இளைஞர்களுக்கும் இதே நிலை. கட்டார் அரசு 2021இல் யூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெளியில் வேலை வாங்கத் தடை விதித்தது வெப்பம் உடலை என்ன செய்கிறது என்பதை ஏற்றுக்கொண்டதால்தான்.

எல் சல்வடோர் நாட்டின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் சீனி வருத்தமும் இல்லாமல் பிரசரும் இல்லாமல் இளவயதில் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். வேலை முடிந்து வந்தவர்களின் சிறுநீரை ஆராய்ந்தபோது சிலரிடம் யூரிக் அமிலம் மிகையாகவும் பளிங்குகளாகவும் காணப்பட்டது. கடும் உழைப்பில் தசை சிதைந்து யூரிக் அமிலம் கூடுகிறது, நீரிழப்பில் சிறுநீர் அமிலமாகிறது, பளிங்குகள் நாள்தோறும் நுண்குழாய்களை உரசுகின்றன என்ற கருத்தை 2016இல் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். அது நிரூபிக்கப்பட்ட முடிவல்ல, கருதுகோள். இலங்கைக்கு இது அந்நியக் கதை அல்ல. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட காரணம் தெரியாச் சிறுநீரக நோய் அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதியான தெஹியத்தகண்டியையும் பிடித்தது. குடிநீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெப்பமும் நீரிழப்பும் என்று பல சந்தேக நபர்கள் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள். காரணம் எதுவானாலும், வயலில் நிற்கும் மனிதனுக்கு நிழலும் நல்ல தண்ணீரும் கொடுப்பதற்கு இறுதி அறிக்கை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இனி அந்தப் போத்தல். 24 மணி நேரச் சோதனையின் பிழைகளில் பெரும்பாலானவை ஆய்வுகூடத்தில் நடப்பதில்லை, வீட்டில் நடக்கின்றன.

காலை 6 மணிக்குத் தொடங்குவதாக இருந்தால், அந்த 6 மணிச் சிறுநீரைப் போத்தலில் ஊற்றக் கூடாது. அது இரவின் கணக்கு. அதைக் கழிவறையில் விட்டுவிட்டு நேரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு பகலும் இரவும் போகும் ஒவ்வொரு சொட்டும் போத்தலுக்கு. மறுநாள் காலை 6 மணிக்குப் போவதும் அதில் சேர வேண்டும். முதல் நாள் காலைச் சிறுநீரையும் சேர்த்து ஊற்றினால் எண் பொய்யாகக் கூடும். ஒரு தடவை தவறவிட்டால் பொய்யாகக் குறையும். முழுதாகச் சேர்க்கப்பட்டதா என்பதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி கிரியேற்றினின். தசையிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வருவது அது. ஆண்களிடம் கிலோவுக்குச் சுமார் 20 முதல் 25 மில்லிகிராம், பெண்களிடம் 15 முதல் 20. நமது 68 கிலோக்காரரின் 1500 மில்லிகிராம் சரியாகப் பொருந்துகிறது. அது 700 என்று வந்திருந்தால் பாதிச் சிறுநீர் எங்கோ போய்விட்டது என்று பொருள். யூரிக் அமில எண்ணையும் நம்ப முடியாது.

போத்தலுக்குள் இருக்கும் மருந்தும் முக்கியம். யூரிக் அமிலம் அமிலத்தில் படிந்துவிடும் என்பதால் அதற்கான போத்தலில் காரம் சேர்ப்பது வழக்கம். கல்சியம், ஒட்சலேற்று பார்ப்பதற்குக் கொடுக்கும் போத்தலில் பெரும்பாலும் அமிலம் இருக்கும். இரண்டையும் மாற்றினால் சோதனை வீண். எதுவானாலும் அந்தத் திரவம் தோலையும் கண்ணையும் சுடும். நேராகப் போத்தலில் போகாமல் வேறு பாத்திரத்தில் எடுத்து மெதுவாக ஊற்றுவதும், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைப்பதும் கட்டாயம். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையாக இருந்தாலும், கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையாக இருந்தாலும், பிரதான வீதியின் தனியார் ஆய்வுகூடமாக இருந்தாலும், போத்தலோடு சேர்த்துத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பை நோயாளியின் கையில் கொடுப்பது பெரிய செலவல்ல. அதில் மேற்சொன்ன நாலு வரி இருந்தால் போதும்.

நமது ஊர்களில் இன்னொரு தயக்கம் இருக்கிறது, அதை வெளிப்படையாகப் பேச வேண்டும். சிறுநீர் பட்டால் உடுப்பு நஜீஸ், அதோடு தொழ முடியாது. அந்தக் கவனத்தில் ஒருவர் ழுஹருக்குப் பள்ளிக்குப் போன இடத்தில் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டுவிடுவார். கணக்கு அங்கே உடையும். பெண்களுக்கு அந்தப் போத்தல் வீட்டில் மற்றவர் கண்ணில் படுவதே கூச்சம். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து, வீட்டோடு இருக்கக்கூடிய ஒரு நாளைத் தெரிவுசெய்து, கழிவறைக்குள் மூடியுள்ள வாளிக்குள் போத்தலை வைத்து, அகன்ற வாயுள்ள கோப்பை ஒன்றை அதற்கென்றே ஒதுக்கினால் இரண்டு சங்கடமும் தீரும். மாதவிடாய் நாட்களில் இந்தச் சோதனையைத் தள்ளிவைக்க வேண்டும்.

எந்த நாளில் எடுப்பது என்பதும் எண்ணை மாற்றும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள் எடுத்தால் உழ்ஹிய்யா இறைச்சியும் ஈரலும் ரிப்போட்டில் பேசும். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கந்தூரி முடிந்த கையோடு எடுத்தாலும் அப்படித்தான். ரிப்போட் நன்றாக வர வேண்டும் என்று மூன்று நாள் கஞ்சி மட்டும் குடித்துவிட்டுப் போவதும் அதே அளவு பிழை. வழமையான உணவும் வழமையான தண்ணீரும் உள்ள நாளே சரியான நாள். குடிக்கும் மருந்துகளையும் சொல்ல வேண்டும். இதயத்துக்குக் கொடுக்கும் சிறு அளவு அஸ்பிரின், பிரசருக்கான தையசைட் வகைக் குளிசைகள், காசநோய்க்கான பைரசினமைட் ஆகியவை யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுக்கும். லொசாட்டன், சீனி வருத்தத்துக்கு இப்போது கொடுக்கும் எம்பாகிளிஃப்ளொசின் போன்றவை கூட்டி வெளியேற்றும். சொல்வதுதான் நோயாளியின் வேலை. நிறுத்துவதா இல்லையா என்பது வைத்தியரின் முடிவு.

சாப்பாட்டுக்கு வந்தால், பருப்பின் மேல் சுமத்தப்பட்ட பழியை இறக்கிவைக்க வேண்டிய காலம் இது. அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. இறைச்சியும் கடலுணவும் அதிகம் உண்டவர்களுக்கு கவுட் கூடியது. பியூரின் உள்ள பருப்பு, அவரை, கீரை வகைகளை உண்டவர்களுக்குக் கூடவில்லை. கொழுப்புக் குறைந்த பாலுணவு உண்டவர்களுக்குக் குறைந்தது. அதே ஆய்வுக் குழு 2008இல் சீனி சேர்த்த மென்பானங்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அவற்றிலுள்ள பிரக்டோஸ் உடம்பில் யூரிக் அமில உற்பத்தியைத் தூண்டுகிறது. மதுவே புழங்காத ஊர்களில் யூரிக் அமிலம் எப்படிக் கூடுகிறது என்று கேட்பவர்கள், கலியாண வீட்டு மேசையில் வரிசையாக நிற்கும் கலர் போத்தல்களை ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாம். நெத்தலியும் சாளையும் ஈரலும் பியூரின் மிகுந்தவை, அளவு வேண்டும். ஏழை வீட்டில் புரதம் தரும் பருப்பை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் கருவாட்டை வைப்பது தலைகீழ் வைத்தியம்.

நோன்பு? பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாததால் சிறுநீர் தடிக்கும் என்பது உண்மை. கவுட் உள்ளவர்கள் நோன்பு நோற்றபோது என்னவாகிறது என்று பார்த்து 2014இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு, அவர்களுக்கு மூட்டு வீக்கமோ கல்லோ கூடவில்லை என்று கண்டது. அதனால் எல்லோருக்கும் பயமில்லை என்றாகாது. திரும்பத் திரும்பக் கல் வருபவர், சிறுநீரகம் பாதித்தவர் ரமழானுக்கு முன்பே வைத்தியரைக் காண வேண்டும். மற்றவர்கள் நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை தண்ணீரைப் பகிர்ந்து குடிக்கலாம். நோன்புக் கஞ்சி நல்ல நீருணவு. அதில் போடும் இறைச்சித் துண்டின் அளவுதான் கவனிக்க வேண்டியது. தேசிக்காய்த் தண்ணீரில் சித்திரேற்று உண்டு, நல்லது. சீனியைக் கொட்டினால் அந்த நன்மை அரைவாசியாகிவிடும்.

வீட்டு வைத்தியத்தில் ஒன்றைப் பற்றி உரத்துச் சொல்ல வேண்டும். புளிப்பான சாறு கல்லைக் கரைக்கும், கொழுப்பைக் குறைக்கும் என்று காமரங்காயையும் பிளிம்பியையும் பிழிந்து குடிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் ஒட்சலேற்று மிக அதிகம். கொலஸ்ட்ரோலுக்காகப் பிளிம்பிச் சாறு குடித்த 10 பேர் சிறுநீரகம் செயலிழந்த நிலையில் கேரள வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டதை 2013இல் அங்குள்ள வைத்தியர்கள் பதிவு செய்தார்கள்; அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. இலங்கையிலும் காமரங்காய்ச் சாற்றால் சிறுநீரகம் பாதித்தவர்கள் வைத்திய இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். சீனி வருத்தக்காரர் வெறும் வயிற்றில் இந்தச் சாற்றைத் தொடவே கூடாது.

மருந்து என்று வரும்போது சிறுநீர் எண்ணின் அருமை தெரியும். புரோபெனிசிட் போன்ற மருந்து இரத்தத்திலுள்ள யூரிக் அமிலத்தைச் சிறுநீருக்குத் தள்ளுகிறது. ஏற்கெனவே கல் உள்ளவருக்கு அது வினையாகலாம். அலோபியூரினோல் உற்பத்தியையே குறைக்கிறது. இரத்தம், சிறுநீர் இரண்டிலும் எண் இறங்கும். 1966இல் பாவனைக்கு வந்த அந்தக் குளிசையை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதைத் தொடங்கிய முதல் வாரங்களில் உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அரிதானது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடிய ஒவ்வாமை அது. குளிசை தொடங்கியவுடன் பெருவிரல் மீண்டும் வீங்குவது வேறு. படிந்த பளிங்கு கலையும்போது அப்படி நடப்பதுண்டு. அதற்குப் பயந்து வைத்தியரைக் கேளாமல் மருந்தை விடுவதால்தான் பலருக்கு நோய் முற்றுகிறது.

கல் வந்தவர்களுக்குச் சிகிச்சை தொடங்கி ஆறு மாதத்துக்குள் மீண்டும் ஒரு 24 மணி நேரப் போத்தல் எடுக்குமாறு அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2014 வழிகாட்டி சொல்கிறது. பழைய ரிப்போட்டைத் திகதியோடு பத்திரப்படுத்தி வைத்திருந்தால்தான் அந்த இரண்டாவது போத்தலுக்குப் பொருள் வரும். அலோபியூரினோல் குடித்தவர் மில்லிகிராம் இறங்கியதா என்று பார்க்க வேண்டும். சித்திரேற்று குடித்தவர் பார்க்க வேண்டியது பி.எச்.சை. தண்ணீரைக் கூட்டச் சொல்லி அனுப்பப்பட்டவர் பார்க்க வேண்டியது மொத்த அளவை. அது இரண்டரை லீற்றரைத் தொட வேண்டும். முதல் போத்தலை மாரி காலத்தில் எடுத்தவர் இரண்டாவதைக் கச்சான் வீசும் மாதத்தில் எடுத்தால், தன் சிறுநீரகம் ஆண்டின் மிகக் கடுமையான நாட்களை எப்படிக் கடக்கிறது என்பதும் அந்த ரிப்போட்டில் வந்துவிடும்.